பச்சை டிக்கும் காணாமல் போன முப்பத்தொன்பது பேரும்

கிள்ளானில் இருக்கும் அந்த டயாலிசிஸ் நிலையத்தில் கணினியைக் கவனித்துக்கொள்ளும் தனலெட்சுமிக்குக் கோபம் வந்தால் மின்விசிறி தானாக வேகமெடுக்கும். அன்று காலை அது கூரையைப் பிய்த்துக்கொண்டு ஷா ஆலாம் வரை பறந்திருக்க வேண்டும்.

காரணம், நிலையத் தலைவர் ராதாகிருஷ்ணன். நோயாளிகளின் விவரங்களைப் பதினோரு வருடமாகக் காத்துவரும் லினக்ஸ் கணினியை மதியமே அழித்துவிட்டு, சுபாங் ஜெயாவிலிருந்து மார்வின் விற்க வந்திருக்கும் புது மென்பொருளுக்கு மாறப்போகிறாராம்.

“பழசுக்கு என்ன அங்கிள் குறை?”

“ஓசில வந்ததுதானே? ஓசில வர்றது எப்படிமா உருப்படும்?”

ஓசியாம்! அந்தக் கணினியில் விவரங்களைச் சேமித்துவைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை அவள் சும்மாவா தேர்ந்தெடுத்தாள்? மாப்பிள்ளை பார்ப்பதைவிட மோசமாக அல்லவா பார்த்தாள்! மூன்று மென்பொருள்களை வரிசையில் நிறுத்தி, அவை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு தடவையா, நாற்பது தடவை! போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு முறையும் தூசி தட்டிக்கொண்டு எழுந்து, பதிந்துவிட்டதாகச் சொன்ன ஒரு பெயரையும் விடாமல் ஒப்பித்தது.

இரண்டு மணிக்கு வீரம்மா வருவார். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் ஊசி அவருக்கு ஆகாது. அந்த ஒரு வரி திரையில் இல்லாவிட்டால் உயிர் போய்விடும்.

“அழிக்கிறதுக்கு முன்னாடி வீரம்மாவத் தேடிக் காட்டுங்க, மார்வின்.”

“எல்லாம் ஏத்தியாச்சு ஆன்டி. பாருங்க, பச்சை டிக். சக்சஸ்லா!”

தேடினான். வீரம்மா இல்லை. அறுபத்திரண்டு பேரில் இருபத்து மூன்று பேர்தான் இருந்தார்கள். சீனர்கள் இருந்தார்கள், மலாய்க்காரர்கள் இருந்தார்கள், தமிழர்களில் ஜோஆன் ஒருத்தி இருந்தாள். மற்ற முப்பத்தொன்பது தமிழர்களும் மாயம்.

தனலெட்சுமி மார்வினின் மடிக்கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து உள்ளே பார்த்தாள். தரவுத்தளமாவது மண்ணாங்கட்டியாவது! ஆளுக்கொரு கோப்பு, ஆள் பெயரே கோப்பின் பெயர்.

“ஐசியில, அதான் அடையாள அட்டையில, நம்ம பேர் எப்படிய்யா இருக்கு? வீரம்மா ஏ/பி ரெங்கசாமி, அதாவது ரெங்கசாமி மக. நடுவுல சாய்கோடு இருக்கா? இந்த லேப்டாப்ல ஓடுற யூனிக்ஸ்ல அந்தக் கோடு வந்தா, ‘இந்த ஃபோல்டருக்குள்ள போ’ன்னு அர்த்தம். ‘வீரம்மா ஏ’ன்னு ஒரு ஃபோல்டரைத் தேடிப் போயிருக்கு. அப்படி ஒண்ணு இல்ல, எழுத முடியல. அதையும் சொல்லாம பச்சை டிக் போட்டிருக்கு!”

“எங்க வீட்டு ஆளுங்க எல்லாரையும் போட்டு டெஸ்ட் பண்ணேனே, ஆன்டி,” என்றான் மார்வின் பரிதாபமாக. “மாரிஸ், மகதலேனா, ரோனி, ஜானிஸ்... எல்லாம் ஓகேதானே வந்துச்சு.”

அவன் கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒருவர் பெயரிலும் அந்தக் கோடு கிடையாது.

“கோட்ட எடுத்துட்டா சரியாயிடும், ஆன்டி. அஞ்சு நிமிஷம்.”

“கோடு கெடக்கட்டும்! எழுதாததை எழுதிட்டேன்னு சொல்லுதே, அதுக்கு எத்தன நிமிஷம் வேணும்?”

ராதாகிருஷ்ணன் கனைத்தார். “தள்ளுங்க, நான் பாக்குறேன்.” ‘ராதாகிருஷ்ணன் ஏ/எல் குருசாமி’ என்று தகப்பன் பெயரோடு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பச்சை டிக். முகம் மலர்ந்தது. தேடினார். அப்படி யாருமில்லை என்றது திரை.

“நான் எங்கடா?” அவர் போட்ட சத்தம் கிள்ளான் துறைமுகத்துக் கப்பலுக்கெல்லாம் கேட்டிருக்கும். “தலைவரே இல்லையா? பெத்த அப்பனோட சேர்த்து என்னைத் தொலைச்சிட்டு டிக் வேற போடுறியா?”

மார்வின் மடிக்கணினியை மூடிய வேகத்தில் தன் விரல் தப்பியதே பெரிது என்று பையோடு வெளியேறினான்.

இரண்டு மணிக்கு வீரம்மா வந்து சாய்ந்தார். தாதி மலர்விழி பழைய திரையைப் பார்த்து, “ஹெப்பரின் கூடாது” என்று உரக்கப் படித்தாள்.

அப்போதும் ராதாகிருஷ்ணனுக்குக் கோபம் ஆறவில்லை. தனலெட்சுமி பக்கம் திரும்பினார்.

“எல்லாம் உன் தப்புமா. ஓசின்னு என்கிட்ட ஏன் சொன்ன? அம்பதாயிரம்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே மாலை போட்டிருப்பேன்லா!”