பன்னிரண்டாவது வரி

கூட்டல் கணக்கு என்றால் அனுசுயாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திருப்பூர் நெருப்பெரிச்சலில் மீரா சாகிப்பின் பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவள். சைஸ் வாரியாக எத்தனை பீஸ் என்று எழுதிய தாளை நீட்டினால், நீங்கள் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். அந்தத் திறமைக்காகத்தான் போன மாதம் அவளைச் செக்கிங் இன்சார்ஜ் ஆக்கினார்கள். உட்கார ஒரு நாற்காலி, தனி மேஜை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கையெழுத்து. அச்சாகி வரும் முதல் பீஸில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற பீஸ்கள் ஓடும். சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவளுக்கு இது சின்ன விஷயமா? முதல் கையெழுத்தைச் செல்போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

அவள் கையெழுத்தில் ஓடிய முதல் பெரிய ஆர்டர் கூடைப்பந்து டி-சர்ட். ஐரோப்பாவில் ஒரு குட்டி நாடு. அதன் ஆண்கள் அணி சர்வதேசப் போட்டி ஒன்றுக்கு முதன்முறையாகத் தேறியிருந்தது. அந்த முதல் மேட்சில் யார் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை பாயிண்ட் எடுத்தார், எத்தனை ஃபவுல் செய்தார் என்ற விவரத்தை அப்படியே முதுகில் அச்சடித்து விற்க அங்கே ஒரு கம்பெனிக்கு ஆசை. மேட்சுக்கு முன்பே ஏதோ எண்களைப் போட்டுச் சாம்பிள் அனுப்பி, நிறமும் எழுத்தும் ஓகே வாங்கியாயிற்று. மேட்ச் முடிந்ததும் உண்மையான எண்கள் மெயிலில் வந்தன. அணி தோற்றுத்தான் போயிருந்தது. தோற்றால் என்ன, முதல் மேட்ச் முதல் மேட்ச்தானே!

முதலாளியின் அக்கா மகன் அஃப்சல்தான் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். அவன் எண்களை ஏற்றி, அச்சடிக்கும் ஸ்கிரீன் தயாராகி, முதல் பீஸ் அனுசுயாவிடம் வந்தது. அவள் எண்களை மேலிருந்து கீழாகக் கூட்டி, அடியில் அச்சாகியிருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டாள். நிமிடம் இருநூறு, சரி. பாயிண்ட் எழுபத்து நான்கு, சரி. ஃபவுல் பத்தொன்பது, அதுவும் சரி. மொத்தம் சரியாக இருந்தால் உள்ளே இருப்பதும் சரிதான் என்பது செக்கிங் டேபிளில் அவள் படித்த பாடம். மெயிலில் வந்த தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டாள். ஆயிரத்து எண்ணூறு பீஸ் ஓடியது.

அனுப்ப வேண்டிய நாள் காலை, பேக்கிங்கில் இருக்கும் செல்லாத்தாள் ஒரு ஸ்டிக்கரோடு வந்து நின்றாள். அணி வீரர்களுக்கென்று பன்னிரண்டு சட்டையைத் தனியாக வைத்து, ஒவ்வொரு கவர் மேலும் ஒரு வீரரின் பெயரை ஒட்டச் சொல்லியிருந்தார்கள். செல்லாத்தாளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் வேலையில் சுத்தம். சட்டையில் இருக்கும் பெயர்களோடு ஸ்டிக்கரை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறாள்.

"அம்மணி, இந்தப் பேரு மட்டும் சட்டையில இல்லீங்க."

அனுசுயா சட்டையை விரித்துப் பெயர்களை எண்ணினாள். பதினொன்று. நேரே அஃப்சலிடம் போய் மெயிலைத் திறக்கச் சொன்னாள். அதில் பன்னிரண்டு வரி இருந்தது. கடைசி வரியில் தோமாஸ் ரெல்வாக் என்று ஒரு பெயர், அதற்கு நேரே நிமிடத்திலிருந்து ஃபவுல் வரை எல்லாமே பூஜ்யம். மனுஷன் மேட்ச் முழுக்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அந்த வரியை எடுத்துவிட்டது அஃப்சல்தான். சைஸ் தாளில் ஒரு வரி முழுக்கப் பூஜ்யம் என்றால் அந்த சைஸுக்கு ஆர்டர் இல்லை என்று பொருள். அந்த வரியைத் தூக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பது. திருப்பூரில் பத்து வருடம் குப்பை கொட்டிய யாருடைய கையும் அதைத்தான் செய்யும். அவன் கையும் செய்துவிட்டது. பூஜ்யத்தைத் தூக்கினால் மொத்தம் மாறுமா? மாறாது. அனுசுயாவின் கூட்டலிலும் அது அகப்படவில்லை.

விஷயத்தைக் கேட்ட மீரா சாகிப் சத்தம் போடவில்லை. பெட்டியெல்லாம் ஒட்டியாயிற்று, நாலு மணிக்குத் தூத்துக்குடி லாரி, அதை விட்டால் கப்பலும் போய்விடும் என்று விரலை மடக்கினார்.

"ஒரு பாயிண்ட்டும் எடுக்காத ஆளுங்க. அவரை யாருங்க தேடப் போறாங்க? ஸ்டிக்கரை ஒட்டி உள்ள போட்டுருங்க அம்மணி."

அப்படியே செய்துவிடலாம் என்றுதான் அனுசுயாவுக்கும் இருந்தது. முகம் தெரியாத அந்த ஆள் மேல் கோபம் கோபமாக வந்தது. பெஞ்சில் உட்கார்ந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் உள்ளே போய் ஒரு ஃபவுலாவது செய்து தொலைத்திருக்கக் கூடாதா! வந்த பதவி ஒரு மாதம் தாங்காது போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு, வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சரக்கைச் சோதிக்கும் பையிங் ஆபீஸிலிருந்து சரவணக்குமார் வந்தார். பெட்டி சிலதைப் பிரித்து, தையல் பார்த்து, அளவு பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். வீரர்களுக்கான சட்டைகளில் மேலே இருந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தார். பிறகு ரிப்போர்ட்டை அனுசுயாவிடம் நீட்டினார். அனுப்பிய விவரப்படியே அச்சாகியுள்ளது என்ற வரிக்குக் கீழே இன்சார்ஜ் கையெழுத்து வேண்டும்.

பேனாவை எடுத்தாள். எதிரே அந்தப் பன்னிரண்டு கவர்கள் இருந்தன. தன் பெயர் ஒட்டிய கவரை அந்த ஆள் வீட்டில் பிரிப்பார். பெண்டாட்டியோ அம்மாவோ பக்கத்தில் நிற்பார்கள். சட்டையைத் திருப்பி மேலிருந்து கீழே தேடுவார், மறுபடியும் மேலே போய்த் தேடுவார். அதை நினைத்ததும் கை ஓடவில்லை.

"சார், இதுல ஒரு ஆள் விட்டுப்போச்சு. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

மீரா சாகிப் தலையில் கை வைத்துக்கொண்டார். சரவணக்குமார் வெளியே போய் அரை மணி நேரம் போன் பேசிவிட்டு வந்தார். வரி எங்கே வந்தாலும் பரவாயில்லை, பெயர் வந்தாக வேண்டும், ஒரு வாரம் தாமதமானாலும் காத்திருக்கிறோம் என்று அந்த ஐரோப்பியக் கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். லாரி காலியாகத் திரும்பிப் போனது.

மறுநாள் ஒரு சின்ன ஸ்கிரீன் போட்டு, பெட்டிகளை உடைத்து, மொத்தத்துக்குக் கீழே அந்த ஒற்றை வரியை அச்சடித்தார்கள். அஃப்சலை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மகனாயிற்றே! அனுசுயாவை மட்டும் மீரா சாகிப் கூப்பிட்டார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"நீங்க சொன்னது ஞாயந்தானுங்க. ஆனா கையெழுத்து உங்களுதாச்சுங்களே. கொஞ்ச நாளைக்கு வேற ஆளு போடட்டும்."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டுப் பழைய டேபிளுக்கே போனாள். ஆயிரத்து எண்ணூறு பீஸையும் நின்றபடியே பார்த்தாள். இந்தத் தடவை எதையும் கூட்டவில்லை. கடைசி வரியில் பெயரும் பூஜ்யங்களும் விடுபடாமல் இருக்கின்றனவா என்று மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கினாள்.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவள் புருஷன் முனீஸ், பைக்கைக் கிளப்பாமல் நின்றான். கம்பெனி முழுக்கச் செய்தி பரவி, வாட்ச்மேன் அவனிடமும் சொல்லியிருந்தார்.

"ஒரு மாசங்கூட இருக்க விடல. நீ பேரு போட வச்ச அந்தாளு யாரு என்னன்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரியாது." பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். "பந்தையே தொடலையாம். ஆனா டீம்ல இருந்தாருல்ல."