ஊதிக் கொடுத்த பந்து

முற்றத்தில் செபமாலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ராஜமேரி எழுந்து உள்ளே போனாள். மகளின் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கவிழ்த்தாள். பலகை, பல்பம், இரண்டு புளியங்கொட்டை. கடைசியாக ஒரு காகிதப் பந்து, நசுங்கிப்போய் விழுந்தது.

கையால் தொடவில்லை. முந்தானையால் பிடித்து அடுப்பில் போட்டாள். இழவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. தீப்பெட்டியைத் தேடி எடுத்தாள். மூன்றாவது குச்சிதான் பற்றியது.

முற்றத்தில் சவப்பெட்டி ஆணி அடித்து மூடியிருந்தது. திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உள்ளே அவள் கணவர், சவரிராயன் வாத்தியார். இரண்டு மாதம் முன்பு ஏரியூரில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்வியது. லேசான பல் தடம். சுண்ணாம்பு தடவிக்கொண்டார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார்கள். பதினாலு நாள் பாடம் போய்விடும் என்றார். போன வெள்ளிக்கிழமை, அவள் நீட்டிய தண்ணீரைப் பார்த்து அலறினார். இன்று விடியற்காலை முடிந்தது.

"இவரு எச்சில் யாரு மேலயாவது பட்டுச்சாம்மா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டிருந்தார்.

"இல்லீங்க."

உண்மை என்று நினைத்துத்தான் சொன்னாள். வேனில் பெட்டியோடு வரும்போது, பென்னாகரம் தாண்டிய பிறகுதான் பந்து ஞாபகம் வந்தது.

அவர் அலறியதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, மூன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பந்து. "ஃபோல்டு" என்பார், பிள்ளைகள் மடிப்பார்கள். "டர்ன்", திருப்புவார்கள். "ஓப்பன்", பிரிப்பார்கள். "புளோ" என்னும்போது மட்டும் சின்ன வாய்களுக்கு முடியாது. முனையிலுள்ள ஓட்டையில் வாய் வைத்து முதல் மூச்சை அவரே ஊதிக் கொடுப்பார். பிறகு "அப், அப்" என்று தட்டி விளையாட்டு. தவறவிட்டவன் ஒரு புது இங்கிலீஷ் வார்த்தை சொல்ல வேண்டும். பந்து தொய்ந்தால் பிள்ளைகள் அதே ஓட்டையில் வாய் வைத்து ஊதிக்கொள்ளும்.

மகள் சலேத்தும் அந்த வகுப்புதான்.

வாத்தியாரின் தம்பி இன்னாசி உள்ளே வந்தான். "அண்ணி, ஃபாதர் வர்ற நேரம். இங்க என்ன பண்றீங்க?"

சொன்னாள். அவன் கதவைச் சாத்தினான்.

"இப்ப வாயத் தொறக்காதீங்க. பெட்டி தூக்க ஒரு ஆளு நிக்காது. வாத்தியாரு வாத்தியாருன்னு அழுவறவங்களே மண்ண வாரித் தூத்துவாங்க. அடக்கம் முடியட்டும். காத்தால சலேத்த நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"மத்த புள்ளைங்க?"

அவன் கதவைத் திறந்துகொண்டு பெட்டிப் பக்கம் போனான்.

ராஜமேரி வெளியே வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். ஒரு ராத்திரிதானே என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எங்க மாதையன் மாடு ஓட்டறப்பகூட டர்ன், டர்ன்னு கத்தறான். அந்த மூதேவி எனக்குத் திரும்பாது, அவனுக்குத் திரும்புது. இனி யாரு சொல்லிக் குடுப்பா?" பெண்கள் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள்.

அப்போது பெரிய வாத்தியார் மூன்றாம் வகுப்பை வரிசையாகக் கூட்டி வந்தார். ஒவ்வொரு கையிலும் வியாழக்கிழமைப் பந்து. பெட்டிமேல் வைப்பதற்கு. பைகளில் கிடந்து எல்லாம் சப்பையாகியிருந்தன.

"நல்லா ஊதி வைங்கடா" என்றார் அவர்.

முப்பது பிள்ளைகளும் பந்தை வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

"ஊதாதீங்க!"

செபம் நின்றது. ராஜமேரி எழுந்து நின்றிருந்தாள்.

"அவரு வாய் வெச்சதுங்க. எல்லாத்துலயும் அவரு வாய் வெச்சதுங்க."

கோவிந்தம்மாள் போய் மாதையன் கையிலிருந்ததைத் தட்டிவிட்டாள். அவன் வாயை முந்தானையால் துடைத்தாள். உதடு சிவந்த பிறகும் துடைத்தாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மத்தியானம்."

மணி நாலு ஆகியிருந்தது. கோவிந்தம்மாள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். எட்டு வயதுப் பையன். கால்கள் அவள் முழங்காலில் இடித்தன.

முற்றம் காலியானது. ஊசி போட, காலை முதல் பஸ்ஸுக்கு எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும் என்று சொல்ல, பெரிய வாத்தியார் வீடு வீடாகப் போனார். பெட்டியை இன்னாசியும், உபதேசியாரும், வேன் டிரைவரும், குழி வெட்டியவனும் தூக்கினார்கள். பந்துகள் அங்கங்கே கிடந்தன.

கல்லறையிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

"தண்ணி" என்றாள் சலேத்.

ராஜமேரி பானையில் மொண்டு கொடுத்தாள். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. பாதியில் நின்றது.

"என்னாச்சு?"

"மூச்சு வாங்கறேம்மா."

மீதியையும் குடித்தாள். ராஜமேரி இன்னொரு டம்ளர் மொண்டாள்.

"போதும்மா."

"இன்னும் ஒரு வாய்."

ராஜமேரி டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தாள்.