ட்றக்டருக்கு மூன்று பங்கு

ஸுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கடற்கரைக்கு வந்துவிட வேண்டும். வலைத்தோணி இருட்டிலேயே போய்க் கடலில் வலையை வளைத்துவிட்டு, கயிற்று நுனியைக் கரையில் தந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் பாடு. வாடைக்காற்றில் நனைந்த சாரம் காலோடு ஒட்டிக்கொள்ளும். கயிறு வரும்போது சொறிமுட்டை என்கிற இழுதுமீனின் சளியையும் சேர்த்துக்கொண்டு வரும். உப்பில் வெடித்த விரலிடுக்கில் அது பட்டால் பெற்ற உம்மாவைக் கூப்பிடாதவன் எவனும் இல்லை. மாம்புரிக் கரையில் கரைவலை இழுக்கிறவன் ஒருவனுக்குக் கைகொடுத்துப் பாருங்கள், மரப்பட்டையைத் தொட்ட மாதிரி இருக்கும்.

இப்போது ட்றக்டர் இழுக்கிறதே, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று ஊருக்குள் கேட்பார்கள். நல்லாய்க் கேட்டார்கள்! தெற்குக் கயிற்றுக்கு ஒரு ட்றக்டர், வடக்குக் கயிற்றுக்கு ஒரு ட்றக்டர். பின்னால் பூட்டிய இரும்பு உருளையில் கயிறு நாலைந்து சுற்றுச் சுற்றி வரும். மறுபக்கம் வெளியே வருகிற நுனியை ஒருவன் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கயிற்றின் மேல் கயிறு ஏறினால் அவன் கையை விட வேண்டும், ட்றைவர் கிளச்சை மிதிக்க வேண்டும்.

அன்றைக்குத் தெற்கு உருளையில் நின்றவன் ஃபைஸல். என் பக்கத்துக் குடிசைக்காரன். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து எங்கள் வாப்பாமார் ஒரே வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். நான் உம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், அவன் தன் உம்மாவின் இடுப்பில் இருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு நான் அண்ணன் முறை, 'நூஹு நானா'.

கயிறு ஏறியது. அவன் கையை விட்டான், கயிறு அவனை விடவில்லை. ட்றைவர் மிதித்தான், கிளச் பிடிக்கவில்லை. அந்தக் கிளச் சரியில்லை என்று சீசன் தொடங்கியதிலிருந்து வாய் வலிக்கச் சொல்லியிருந்தோம். "சீசன் முடியட்டும், பார்ப்பம்" என்றார் வலையின் முதலாளி செய்னுலாப்தீன் ஹாஜியார். ஃபைஸல் அலறவில்லை. "நானா... நானா..." என்று என்னைக் கூப்பிட்டான், கடைக்குப் போய் எதையோ மறந்துவிட்டு வந்தவன் மாதிரி. முஹ்ஸின்தான் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான். எங்களுக்குள் வயது குறைந்தவன், வாயும் கையும் ஒரே வேகம். அது புதுக் கயிறு. அறுத்ததற்காக ஹாஜியார் முகத்தைச் சுளித்தார் என்பதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஹாஜியார் கெட்ட மனிதர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நோன்பு வந்தால் வீட்டுக்கு வீடு அரிசி வரும். ஆஸ்பத்திரிக்கும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார், ஃபைஸலின் தலையைத் தடவி துஆ ஓதினார். பிறகு ஃபைஸல் வீடு வந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஜும்ஆ முடிந்து வரும் வழியில் அவனுடைய பெண்சாதி ஹவ்வாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உருளைக்கு வேற ஆள் எடுத்திருக்கன். சிலாபத்துப் பக்கம். அவன் வந்து தங்க இடம் வேணும். குடிசை வலையில நிக்கிறவனுக்குத்தானே. கெதியாப் பார்த்து ஒரு இடம் எடுங்க."

எங்கள் குடிசைகள் எல்லாம் நிற்பது அவருடைய தென்னங்காணியில். வலையில் இடம் இருந்தால் குடிசை. வலையில் இடம் போனால் குடிசையும் போகும். ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் ஓடத் தொடங்கி, ஹோட்டல்காரர்கள் காணி தேடி வந்ததிலிருந்து இந்த மணலுக்கு வந்த விலை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒரு குடிசை காலியானால் அங்கே இன்னொரு குடிசை வரும் என்று நம்ப நாங்கள் ஒன்றும் பாலர் வகுப்புப் பிள்ளைகள் இல்லை.

ஹவ்வா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. புத்தளத்துக்கு பஸ் ஏறி அரசாங்கத் தொழில் கந்தோரில் போய் நின்றாள். அங்கே இருந்த ஐயா நல்லவர். கதிரை தந்து, முழுவதும் கேட்டுவிட்டு, "உங்கட மாப்பிள்ளைக்குச் சம்பளமா, பங்கா?" என்றார். "பங்கு" என்றாள். அவர் பேனையை வைத்துவிட்டாராம். "பங்கெண்டா, அவர் ஒருத்தருக்குக் கீழ வேலை செய்தவர் எண்டதையே முதல்ல நிறுவ வேணும் தங்கச்சி. வழக்குப் போடலாம். ஆனா லேசில்ல."

இதில்தான் எங்கள் வினை இருந்தது. ட்றக்டர்கள் வந்த வருஷம் ஹாஜியார் சொன்னார், இனிப் பங்கு இல்லை, எல்லாரும் நாட்கூலிக்கு நில்லுங்கள் என்று. எங்களுக்கு இரத்தம் கொதித்தது. கரைவலைக்காரன் கூலிக்காரனா? வாப்பா பங்குக்காரன், மூத்தவாப்பா பங்குக்காரன், நான் மட்டும் கை நீட்டி நாட்கூலி வாங்குவதா? கயிற்றைத் தொடமாட்டோம் என்று கடற்கரையில் குந்தினோம். கடைசியில் அவர் இறங்கி வந்தார். பங்கு தந்தார், ஆனால் ஒவ்வொரு ட்றக்டருக்கும் மூன்று பங்கு வைத்துக்கொண்டார். அதைக்கூட நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று அன்றைக்கு நெய்ச்சோறு ஆக்கிச் சாப்பிட்டோம். அந்தப் போராட்டம் பிழையென்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் கூலிக்காரன் என்று எழுதியிருந்தால் ஃபைஸலுக்கு ஒரு சட்டமாவது பிடிக்க இருந்திருக்கும். நாங்கள் மானம் என்று கேட்டு வாங்கியதே எங்கள் கழுத்தில் விழுந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு வலையில் நிற்கிற நாங்கள் ஹாஜியாரின் விறாந்தையில் போய் நின்றோம். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

"ஃபைஸல்ட இடத்த எடுக்கப்படாது ஹாஜியார்" என்றேன். "கை ஆறினா வலை பொத்துவான், தோணி பார்ப்பான். ஏலுமான வேலை நிறைய இருக்கு. அதுவரைக்கும் அவன்ட பங்கு விழ வேணும், குடிசை இருக்க வேணும்."

"நூஹு, நான் ஒண்டு கேக்கிறன். கூலிக்காரன்ட கை போனா முதலாளி பார்க்க வேணும். ஓம்தானே? நீங்க கூலி இல்லயே. நீங்கதானே குந்தி இருந்து கேட்டீங்க, நாங்க பங்காளிமார் எண்டு. பங்கெண்டா லாபத்திலயும் பங்கு, நட்டத்திலயும் பங்கு."

"அப்ப இந்த நட்டத்தில உங்கட பங்கு எது ஹாஜியார்?" என்றான் முஹ்ஸின். "எங்கட பக்கத்தால மூணு விரல் போட்டிருக்கம்."

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "வாய் கூடிப் போச்சு இவனுக்கு."

நான் இடையில் விழுந்தேன். "போன வருஷம் தெற்கு ட்றக்டர் பழுதாகிச் சிலாபத்துக் கராஜில கிடந்திச்சு. ஒரு கயிறும் இழுக்கல்ல. அதுட மூணு பங்கையும் நாங்க விடாம வச்சம். அதுவும் சுகமில்லாமத்தானே கிடந்தது?"

"அது என்ட முதல்."

"ஃபைஸல்ட கை அவன்ட முதல்."

ஹாஜியார் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கட வாப்பாமார் உடுத்த உடுப்போட வந்து நிண்டாங்க. இந்தக் காணியத் தந்தது எங்கட வாப்பா. அந்த மண்ணில இருந்துகொண்டு எனக்கே கணக்குச் சொல்றீங்க. பிடிக்கல்லயெண்டா மன்னாருக்குப் போங்களேன். சண்டைதான் முடிஞ்சிட்டே."

முஹ்ஸினே முதலில் படிப் பக்கம் திரும்பினான்.  மன்னாருக்கு நாங்கள் போய்ப் பார்க்காமல் இல்லை. எங்கள் வளவில் காடு மண்டிக் கிடக்கிறது, கிணறு தூர்ந்துவிட்டது. அங்கே போனால் 'புத்தளத்தார்' என்கிறார்கள், இங்கே இருந்தால் 'அகதி' என்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினோம். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

ஃபைஸல் குடிசை வாசலில் இருந்தான், கையை ஒரு துவாயால் மூடிக்கொண்டு. பார்த்தவுடன் விளங்கிக்கொண்டான். "விடுங்க நானா. எனக்காக உங்கட இடமும் போகப்படாது. ஏத்தாளையில உம்மாட சொந்தம் ஒண்டு இருக்கு, போய்க் கேட்டுப் பார்க்கிறன்."

உள்ளேயிருந்து ஹவ்வா சீறிக்கொண்டு வந்தாள். "இவருக்காகவாம்! நாளைக்கு அந்த உருளையில நிக்கப் போறவனுக்குக் கை இல்லையா? நாளண்டைக்கு நிக்கப் போற உங்களுக்குக் கை இல்லையா நூஹு நானா? இண்டைக்கு இவர்ட பேர வெட்ட விட்டா, கை போறவன்ட பேரெல்லாம் வெட்டலாம் எண்டு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. காணி தந்தாங்களாம். தந்தது ஸதக்காத் தர்மமா, எங்கட கைக்கு அச்சாரமா? அதக் கேட்டீங்களா அங்க?"

நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அங்கேயே, அந்த வாசல் மணலில் குந்தியிருந்து ஒன்று முடிவெடுத்தோம். ஃபைஸலின் பெயரை நாங்களாக விடுவதில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை அல்பேட் வந்திருந்தான். சிலாபத்துக் கத்தோலிக்கப் பையன், தாடிகூட ஒழுங்காக முளைக்கவில்லை. தெற்கு உருளையில் நின்றான். கிளச் திருத்தினார்களா என்று ட்றைவரிடம் கேட்டேன். அவன் வேறு பக்கம் பார்த்தான். கயிறு ஏறும் போலிருந்த ஒவ்வொரு தரமும் என் கை கத்தியைத் தேடியது. அல்பேட்டும் ட்றக்டர் மட்கார்டில் காய்ந்திருந்த பழைய இரத்தக் கறையைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தான்.

வலையின் மடி கரையேறியது. நல்ல மீன்! சூடையும் கும்பளாவும் துள்ளின, நடுவில் பாரை. ஐஸ் லொறி காத்து நின்றது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். லொறியில் ஒரு மீன் ஏறுவதற்கு முன்னால் கறிமீன் பிரிக்க வேண்டும். வலையில் நின்ற ஆளுக்கு ஒரு கூறு, மணலில் வரிசையாகப் போடுவோம். கூறு பெரிது சிறிது என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக ஒருவன் மீனைப் பார்க்காமல் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பான். திரும்பி நிற்கிறவன் வாயில் வருகிற பெயருக்கு அந்தக் கூறு. பெயர் சொல்லப்பட்டவன் வலைக்காரன். சொல்லப்படாதவன் அந்த வலையில் இல்லை. பெயர் சொல்வது என் வேலை. அன்றைக்கு நாங்கள் ஃபைஸலுக்கும் சேர்த்துக் கூறு வைத்திருந்தோம்.

"ஒரு கூறு கூட இருக்கு" என்றார் ஹாஜியார்.

 நான் கடலைப் பார்த்துத் திரும்பினேன். முஹ்ஸின் முதல் கூறைத் தொட்டான்.

"இது ஆருக்கு?"

"ஃபைஸலுக்கு."

"நூஹு! அவன் வலையில இல்ல. ஒழுங்காச் சொல்லு."

"இது ஆருக்கு?" முஹ்ஸின் அதே கூறுக்குத்தான் மறுபடி கேட்டான்.

"ஃபைஸலுக்கு."

"நாளைக்கு நீ வரத் தேவையில்ல. உன்ட குடிசையையும் பிரிச்சிட்டுப் போ" என்றார் ஹாஜியார். நான் கால்விரல்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டு நின்றேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்த நேரம் அவர்களைத் தவிர வேறு எதுவும் என் நினைவில் இல்லை. "வேற ஒருத்தன் வந்து பேர் சொல்லுங்க!" என்று கத்தினார் ஹாஜியார்.

மணலில் காலடி கேட்டது. தோணிக்காரச் சூசைப்பிள்ளை அண்ணன் என் பக்கத்தில் வந்து கடலைப் பார்த்து நின்றார். நாற்பது வருஷமாக ஹாஜியாரிடம் ஒரு சொல் எதிர்த்துக் கதைக்காத மனிதர்.

"இது ஆருக்கு?"

"ஃபைஸலுக்கு" என்றார்.

பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். கடைசியில் முஹ்ஸினையும் அல்பேட்டையும் தவிர எல்லாரும் வரிசையாக ஹாஜியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். லொறிக்காரன் ஹோன் அடித்தான். மீன் வெயிலில் வெளுக்கத் தொடங்கியது. அது எங்கள் மீனும்தான், எங்கள் வீட்டு உலையும்தான்.

"டேய் அல்பேட், நீ சொல்லு. அது உன்ட கூறு. உன்ட பேரச் சொல்லி எடு!"

அல்பேட், "முதலாளி, என்ட கை போனா என்ட பேரையும் எடுப்பீங்களா?" என்று கேட்டான்.

"உனக்கு ஒண்டும் ஆகாது."

"அவருக்கும் அப்பிடித்தானே சொல்லியிருப்பீங்க" என்றான். வந்து எங்கள் வரிசையின் ஓரத்தில் நின்றான்.

"இது ஆருக்கு?"

"அந்த ஃபைஸல் அண்ணனுக்கு."

ஹாஜியார் போனை எடுத்துப் பொலிசுக்கு என்று சத்தமாகக் கதைத்தார். அந்த நேரம்தான் ஹவ்வா பனங்கூடையோடு தென்னைகளுக்கு ஊடாக இறங்கி வந்தாள். பின்னால் எங்கள் வீட்டுப் பெண்களும்.

"அந்தக் கூறைத் தொட்டா நாளைக்கு இந்தக் காணியில ஒரு குடிசையும் நிக்காது" என்றார் ஹாஜியார்.

"நிக்காட்டி ஒருத்தருக்கும் நிக்காது ஹாஜியார்" என்றாள் ஹவ்வா. "அதுக்குப் பிறகு உங்கட வலைய உங்கட ட்றக்டர் தனிய இழுக்கட்டும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் சொல்கிறவன் பார்க்கக்கூடாது. கூடைக்குள் மீன் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஒன்று ஒன்றாக, அவசரமில்லாமல். பெரிய ரோட்டில் ஒரு ஜீப்பின் சத்தமும் கேட்ட மாதிரி இருந்தது. எங்கள் வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

முஹ்ஸின் அடுத்த கூறைத் தொட்டான்.

"இது ஆருக்கு?"

என் குரல் நல்லாய்த்தான் வந்தது.

"அல்பேட்டுக்கு" என்றேன்.