கடகட என்றால் பேரிங்

வாஷிங் மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு விழிக்கிறவர்கள் வந்து விழுகிற இணையதளம் அது. அண்ணி தொடங்கியது. அண்ணி மெஷின் மெக்கானிக். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நாற்பது கேள்விகளுக்காவது பதில் எழுதுவார். அதில் முப்பத்தைந்து போன வாரமும் கேட்டவை, அதற்கு முந்தின வாரமும் கேட்டவை.

"கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொல்லிட்டிருக்க என்னால ஆகாது. மாசக் கடைசியில இழுத்து மூடிடப் போறேன்" என்றார் ஒரு நாள். அண்ணி சொன்னால் சொன்னதுதான்.

அண்ணியின் நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு அவள் முதன்முதலில் கட்டிக் கொடுத்த தளம் அது. ஒன்பது வருடத்துப் பதில்கள் உள்ளே மலையாகக் கிடக்கின்றன, தேடினால்தான் உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை.

"தேடுற வசதியை நான் ஒழுங்கா செஞ்சு தரேன் அண்ணி. அப்புறமும் அதே கேள்வி வந்தா மூடிடுங்க."

செய்தாள். கேள்விகள் எல்லாம் வெறும் புலம்பல், சரக்கு இருப்பது பதிலில்தான் என்பது அவள் கணக்கு. அதனால் பதில்களில் மட்டும் தேடும்படி அமைத்தாள். படித்தவர்களுக்கே வருகிற புத்தி அது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "கடகடன்னு சத்தம்" என்று தட்டினார். முதலில் வந்தது: "ஏற்கெனவே சொல்லியாச்சு. கடகடன்னு சத்தம்னு தேடிப் பாருங்க." இரண்டாவதும் அதுவே. மூன்றாவதில் கொஞ்சம் திட்டும் சேர்ந்திருந்தது.

"யாரு இந்தச் சிடுமூஞ்சி?"

"நீங்கதான் அண்ணி."

நாத்தனார் தலையைச் சொறிந்தாள். "சரி, இந்தச் சத்தத்துக்கு நிஜமா என்ன பதில் எழுதுவீங்க?"

"பேரிங் போச்சு, மாத்துங்கன்னு."

"அதுல கடகடவே இல்லையே."

"பேரிங் போச்சுன்னு தெரிஞ்சவன் எதுக்கும்மா என்கிட்ட வரான்?"

அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. தேடுகிறவன் கையில் இருப்பது புலம்பல் மட்டும்தான். அதையல்லவா அவள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள்? வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி ஆரம்பித்தாள். கடகட, கரகர, உய்ங், ஆட்டத்தில் மெஷின் வாசல்வரை நடந்து வருகிறது, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று ஒன்றுவிடாமல் உள்ளே சேர்த்து, ஒவ்வொன்றையும் அதைத் தீர்த்துவைத்த பதிலோடு கோத்தாள். அண்ணியின் சிடுசிடுப்புகளை மட்டும் அள்ளி ஓரங்கட்டினாள்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் அண்ணி தளத்தைத் திறந்தார். புதுக் கேள்வி ஒன்றுகூட இல்லை. கால் மணி நேரம் காத்திருந்தும் இல்லை.

"எல்லாரும் போயிட்டாங்க போலிருக்கே. மூடுற வேலைகூட எனக்கு மிச்சமில்ல." குரல் இறங்கிவிட்டது. மூடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர்தான்.

நாத்தனார் தேடியவர்களின் பட்டியலைக் காட்டினாள். விடிந்ததிலிருந்து ஐம்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஐம்பத்தொரு பேர் பதிலைத் திறந்து படித்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ஒருத்தரும் ஒரு நன்றி சொல்லலையே."

"மெஷினை மாட்டிட்டு இருப்பாங்க அண்ணி."

அண்ணி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்க்க நாத்தனாருக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஐம்பத்திரண்டாமவரின் கேள்வி வந்து விழுந்தது. "தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆன பிறகும் உள்ளே யாரோ விரலால் தட்டுவதுபோல டொக், டொக் என்கிறது."

அண்ணி இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்று வாடிக்கையாளருக்கு போன் போட்டு, வர அரை மணி தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார்:

"எனக்கும் தெரியல. பின்பக்க மூடியைக் கழட்டுங்க, சேர்ந்து பார்ப்போம்."