கதவு மாட்ட வரும் தொழிற்சாலை

வரி அமலுக்கு வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எங்கள் சான் இசித்ரோவின் கார் தொழிற்சாலை எழுந்து நின்றது. மெக்சிகோவில் செய்த காருக்கு அமெரிக்கா இருபத்தைந்து சதவீதம் வரி என்றதும், கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலையை அங்கே மிச்சிகனுக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள். தொழிற்சாலை உழவு மாட்டின் வேகத்தில் வடக்கே நடந்தது. உள்ளே யாரும் வேலையை நிறுத்தவில்லை. பத்தொன்பது வருஷமாகக் காருக்குக் கதவு மாட்டிவந்த எர்மெலிண்டா, ஜன்னலில் பாலைவனம் நகர்வதைப் பார்த்தபடியே மாட்டினாள். கூடவே போய்விட்டால் வேலை போகாது என்று நம்பினாள்.

எல்லையின் ஆற்றுப்பாலத்தில் சுங்க அதிகாரி கட்டடத்தை உள்ளே விட்டார், இயந்திரங்களை விட்டார். ஆட்களை இறங்கச் சொன்னார். பிறகு சாப்பாட்டுக்கூடத்தில் இருந்த குவாதலூப்பே மாதாவின் பீடத்தைக் காட்டினார்.

"இதையும் இறக்குங்க. 'மேஜை ஒன்று, தேவையில்லை'ன்னு உங்க மேனேஜர் பட்டியல்ல எழுதியிருக்கார்."

"மேஜையா? டிசம்பர் பன்னெண்டு, இவ திருநாள் வந்தா இவ முன்னாடிதான் சார் பூசை. கதவு மாட்டறதுக்கு முன்னாடி நான் தெனம் கும்பிடற எடம்."

"தூக்குக்கா," என்றான் பெயின்ட் அடிக்கும் நிக்கானோர். "வேலை போனதைவிடவா கனமா இருக்கப்போவுது?"

பேருந்தில் ஊருக்குக் கொண்டுவந்து, தொழிற்சாலை இருந்த வெற்றிடத்தின் நடுவில் மாதாவை வைத்தார்கள். எட்டு மாதம் எர்மெலிண்டா பேருந்து நிலையத்தில் சோள ரொட்டி விற்றாள். டிசம்பர் பன்னிரண்டு அன்று ரோஜாக்களும் எக்காளங்களுமாகப் பூசை நடக்கையில் தரை அதிர்ந்தது. கூரை நிறைய வெண்பனியோடு தொழிற்சாலை வந்து, ஒரு பூவையும் நசுக்காமல் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. எக்காளக்காரர் ஊதிய மூச்சை உள்ளே இழுக்க மறந்தார். தொழிற்சாலைக்குப் பின்னால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, அந்த வருஷம் மிச்சிகனில் செய்த கார்கள் கதவில்லாமல் வரிசையாக நின்றன.

கனத்த கோட்டு போட்ட சிவப்புத் தாடிக்கார மிச்சிகன் தொழிலாளி ஒருவர் தொழிற்சாலையிலிருந்து இறங்கி, எர்மெலிண்டாவிடம் கையுறைகளை நீட்டினார். "நாங்க கதவை மாட்டினா மாட்டின கையோட விழுந்துருதும்மா. ஒண்ணுகூட நிக்கலை. நீங்க வாங்க."

அவள் மாதாவைக் கும்பிட்டுவிட்டு ஒரு கதவை மாட்டி, உள்ளங்கையால் தட்டினாள். நின்றது.

எல்லாவற்றையும் மாட்டி முடிக்க ஜூன் ஆயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்: தொழிற்சாலை டிசம்பரில் வருகிறது, ஜூனில் வடக்கே திரும்பிப் போகிறது. மெக்சிகோவில் நடப்பது அந்த வேலை மட்டும்தான் என்பதால், கம்பெனி இப்போது கதவு மாட்டிய கூலிக்கு மட்டும் வரி கட்டுகிறது. கூரையிலிருந்து வழியும் பனிநீரை ஊர்க்காரர்கள் மிளகாய்ச் செடிகளுக்குத் திருப்பிவிடுகிறார்கள்.