ஏழாம் கோர்ட்டில் ஒரு மூலை

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. டென்னிஸ் கிளப்பின் ஏழாம் கோர்ட்டில் இரண்டு பெண்கள் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு பெய்த மழை சிமெண்ட் தரையில் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. பஞ்சை அழுத்தி, நீரை உறிஞ்சி, வாளியில் பிழிந்து, மறுபடி அழுத்த வேண்டும். தரையின் சொரசொரப்பு விரல் முட்டிகளைச் சீவியது. வாளியில் நீர் கலங்கிச் சிவந்திருந்தது. அதில் எவ்வளவு மண், எவ்வளவு ரத்தம் என்று யாரும் பார்க்கவில்லை.

இருவரும் தொழில்முறை டென்னிஸ் வீராங்கனைகள். உலகத் தரவரிசையில் இவர்கள் பெயரைத் தேடுகிறவனுக்கு விரல் வலிக்கும். அவ்வளவு கீழே போக வேண்டும். பெரிய போட்டிகளில் தரை துடைக்க ஆள் உண்டு, மெஷின் உண்டு. இந்த மட்டத்தில் ஆட வருகிறவள்தான் ஆள். அவள் கைதான் மெஷின்.

ஒருத்தி நெட்டை. இன்னொருத்தி இடக்கையால் ஆடுகிறவள். பீச்சாங்கை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஒரே அறை, ஒரே கட்டில், ஒரே சோப்பு. இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. இன்று ஒற்றையர் முதல் சுற்றில் எதிரிகள்.

"குறட்டை விட்டே என்னைத் தூங்கவிடாம பண்ணிட்ட. ஜெயிக்கிறதுக்கு இது ஒரு வழியாடி?" என்றாள் பீச்சாங்கை.

"நான் எங்கடி தூங்கினேன்? கட்டில்ல பாதி உனக்கு, என் பாதிக் கால் அந்தரத்துல."

வேலியோரப் பெஞ்சில் மூன்றாவதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் போட்டியில் இடம் கிடைக்கவில்லை. யாராவது விலகினால் அந்த இடம் அவளுக்கு. அதற்காக விடியுமுன்னே ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஊர் ஊராக இப்படிக் காத்திருந்து அவள் பெயரே வெயிட்டிங் ஆகிவிட்டது.

"வந்துட்டா பாரு, எவ கால் ஒடியும்னு," என்றாள் நெட்டை.

"ஒடிஞ்சா ஒரு குரல் குடு. நான் இங்கதான இருக்கேன்," என்றாள் வெயிட்டிங், சிரிக்காமல்.

பின்கோட்டை ஒட்டி இடது மூலையில் தரை உள்வாங்கியிருந்தது. போன வருடமே விரிசல் விட்ட இடம். கிளப் முதலாளி அதை உடைத்துப் பூசவில்லை. மேலே பச்சை பெயிண்ட் அடித்தார். கண்ணுக்குத் தரை. காலுக்குக் குழி.

இந்த மாதிரி கோர்ட்டுகளில் ஆடுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் இருக்காது. கெட்ட மூலைக்குப் பந்தை அனுப்பக் கூடாது. பட்டம் போகும், பாயிண்ட் போகும், பரவாயில்லை. கால் போனால் யாருக்கும் திரும்பி வராது.

நெட்டை பஞ்சால் அந்த மூலையைத் தட்டினாள். "இங்க வேணாம். சரியா?"

"சரிடி."

மூன்றாவது செட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. மெயின் கோர்ட்டில் விருந்தினர்களுக்கான காட்சி ஆட்டம். கைத்தட்டல் அலை அலையாக வந்தது. ஏழாம் கோர்ட்டில் பழைய பந்து, வெந்நீராகிவிட்ட குடிநீர், இருக்கையில் வியர்த்து வழிந்த நடுவர்.

பீச்சாங்கைக்கு இந்த ஆட்டம் போனால் தரவரிசையில் கடைசிப் பிடியும் போய்விடும். அடுத்த வாரம் எந்தப் போட்டியிலும் இடமிருக்காது. வெயிட்டிங்கின் பெஞ்சில் அவளும் ஒருத்தி. அந்தப் பெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தாள். நெட்டை வலைக்கு அருகில் ஏறி வந்திருந்தாள். பின்னால் மூலை காலியாகக் கிடந்தது.

கை தூக்கிவிட்டது.

பந்து நெட்டையின் தலைக்கு மேல் உயர்ந்தது. அவள் திரும்பி ஓடினாள். அது எங்கே விழும் என்று ஓடும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் ஓடினாள். ஓடித்தான் பழக்கம்.

முதலில் ராக்கெட் விழுந்த சத்தம். பிறகு அவள் விழுந்த சத்தம். அலறல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு யாருடையதோ போலப் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள் பீச்சாங்கை.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது மெயின் கோர்ட்ல நிக்குது. காட்சி ஆட்டம் முடியுற வரைக்கும் நகர்த்தக் கூடாதுன்னு உத்தரவு." பிறகு ஒலிபெருக்கியில் பீச்சாங்கை வென்றதாக அறிவித்தார்.

பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆட்டம் நின்றது. பெண்கள் ஓடி வந்தார்கள். முதலாளியும் வந்தார். வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி. அவர் முதலில் பார்த்தது காலை அல்ல, தரையை. பெயிண்ட் பெயர்ந்திருந்த இடத்தை, ஷூவைத் துடைப்பது போலக் காலால் ஒரு முறை தேய்த்தார். பிறகு பீச்சாங்கையைத் தனியே அழைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு முட்டி ஏற்கனவே கெட்டுப்போயிருந்துச்சு. ரூம்ல நொண்டிக்கிட்டே இருந்தா. நீதான் கூடத் தங்கியிருந்தவ, நீ சொன்னா எடுபடும்."

"அவ நொண்டலையே சார்."

"அடுத்த வாரப் போட்டியும் என்னோடதுதான். நேரா மெயின் கோர்ட்ல உனக்கு இடம். யோசிச்சுச் சொல்லு."

அவள் அவரை முறைத்தாள். அவர் அவள் தோளில் தட்டி, மெல்லச் சிரித்தார்.

"என்னைப் பார்த்து முறைச்சு என்னம்மா பிரயோஜனம்? பந்தை அங்க அடிச்சது நானா?"

கத்தி சரியான இடத்தில்தான் இறங்கியது. பீச்சாங்கை திரும்பிப் பார்த்தாள். அவர் குரலை உயர்த்தியே சொல்லியிருந்தார். அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். தரையில் கிடந்த நெட்டையும்.

"நான்தான் அடிச்சேன்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "வேணும்னுதான் அடிச்சேன். இவ பக்கத்துல படுத்துத் தூங்கிட்டு, இவளுக்கே குழி பார்த்து அடிச்சேன். அந்தப் பாவம் என்னோடது. குழி உங்களோடது சார். ரெண்டையும் என் தலையில கட்டாதீங்க. அவ முட்டி காலையில நல்லாத்தான் இருந்துச்சு. எவன் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

முதலாளி முகத்தில் சிரிப்பு வற்றியது. "தொழிற்சங்கம் வச்சுப் பேசறியா? நீங்க என்ன என் தொழிலாளிகளா? வீராங்கனைகள்! உங்களை யாரும் வெத்தலை பாக்கு வச்சு அழைக்கல."

"வீராங்கனைன்னா விடியக்காலையில தரை துடைக்க எதுக்கு சார் வாளி குடுத்தீங்க?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் அதைக் காதில் வாங்காமல் வேலிப் பக்கம் விரல் நீட்டினார். "ஏய், நீ! நெட்டையோட இடம் சாயங்கால இரட்டையர்ல காலி. நீ ஆடு. இவ கூட ஆட இஷ்டமில்லைன்னா வேற ஜோடி தரேன். அடுத்த ரெண்டு பேர் இதே கோர்ட்ல இறங்குங்க. இவளை ஓரமா நகர்த்துங்க."

வெயிட்டிங் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ விடியல்களில் அவள் கேட்கத் தவித்த வார்த்தை அது. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவள் நடுவரைத் தாண்டிப் போனாள். பையைக் கீழே வைத்தாள். வலைக் கம்பத்தின் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாகச் சுழற்றினாள்.

கர்ரென்று கம்பி தளர்ந்தது. வலை தொப்பென்று தரையில் விழுந்தது.

"என்ன பண்ற?" என்று நடுவர் கத்தினார். "வலை இல்லாம எப்படி ஆட்டம் நடக்கும்?"

"நடக்காது," என்றாள் வெயிட்டிங். "அந்தப் பக்கம் கழட்டுங்கடி. கனமா இருக்கு."

ஆறேழு பேர் குனிந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த இருவரும் ராக்கெட்டை எறிந்துவிட்டு வந்தார்கள். வலையை நான்காக மடித்தார்கள். நெட்டையை அதன்மேல் ஏற்றினார்கள். அவள் பல்லைக் கடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"இந்த வாசலைத் தாண்டினா ஒருத்தியும் இனிமே எங்கயும் ஆட முடியாது! எல்லா கிளப்புக்கும் சொல்லிடுவேன்!" முதலாளியின் குரல் உடைந்து கீச்சிட்டது.

அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். அது எல்லாருக்கும் தெரியும். கைகள் வலையை விடவில்லை.

தலைமாட்டில் பீச்சாங்கை பிடித்திருந்தாள். நெட்டை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு துளியும் இல்லை.

"ஏன்டி அங்க அடிச்ச?"

"ஜெயிக்கணும்னு."

"பாவி." மூச்சு வாங்கினாள். "கீழ போட்றாத."

"மாட்டேன்."

மெயின் கோர்ட் வாசலில் காவலாளி குறுக்கே கை நீட்டினான். வலையையும் அதில் கிடந்தவளையும் பார்த்தான். கை இறங்கியது. உள்ளே விருந்தினர் வரிசைகளில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கைத்தட்டல் நின்றது. ஆம்புலன்ஸ் எதிர்க்கோடியில் நின்றது. நடுவே ஈரமே இல்லாத, வழுவழுத்த தரை நீண்டு கிடந்தது.

"குறுக்கால போலாம்," என்றாள் வெயிட்டிங்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்த கோர்ட்டுக்குள் அவர்கள் சேர்ந்தே கால் வைத்தார்கள்.