அரை ஆள்

வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டும் செட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் பையனை முதல் பருவத்தில் அரை ஆளாகத்தான் வைப்பார்கள். கூலியிலும் பாதிப் பங்கு, மரியாதையிலும் பாதிப் பங்கு. ஒரு பருவம் முழுக்க மற்றவர்களுக்குச் சமமாக வெட்டிக் காட்டினால், மேஸ்திரி எல்லோர் முன்னாலும் "இனிமே இவன் முழு ஆளு" என்று சொல்வார். அன்று பையன் செட்டுக்கே டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும்.

சின்னதுரைக்கு மூன்று பருவம் ஆகியும் அந்த வடை வாங்கும் யோகம் வரவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த பொடியன்கள் எல்லாம் முழு ஆளாகி மீசை முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். அவனை அரை ஆளாகவே நிறுத்தி வைத்திருந்த மேஸ்திரி பாவாடை, அவனைப் பெற்ற அப்பன்.

பாவாடை கெட்டவர் இல்லை. ஆனால் உழைப்புக்கு அவரிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது: சட்டை நனைந்திருக்கிறதா இல்லையா. சின்னதுரையின் சட்டையும் நனைந்துதான் இருக்கும், ஆனால் அது மோட்டார் தண்ணீர். காலையில் செட்டிலேயே அவன்தான் முந்தி வெட்டுவான். வெயில் ஏறியதும் முகம் செக்கச்செவேலென்று ஆகி, வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டு வரப்பு மரத்துக்கு ஓடுவான். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வான். ஈரக் கோணியைப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்து நாலு கரும்பு வெட்டிவிட்டு மறுபடியும் ஓடுவான். "மேஸ்திரி புள்ள வேலைக்கு வரல, குளிக்க வந்துகினு இருக்குது" என்று பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பாவாடையின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தும்.

பார்க்கவும் அவன் ஒரு மாதிரிதான் இருந்தான். நெற்றி புடைத்து, மூக்கு சப்பி, உதடு தடித்து இருக்கும். தலையில் பூனை முடி. வாயில் கூர் கூராக நாலைந்து பற்கள்தான், மற்றவை முளைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயரே தாத்தா. செத்துப்போன தாய்மாமன் கண்ணாயிரத்தின் ஜாடை அப்படியே இருக்கிறது என்பார்கள். அந்தக் கண்ணாயிரம் மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும்போது உச்சி வெயிலில் சுருண்டு விழுந்து செத்தவன். முனி அடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. பாவாடை மட்டும், "அவனும் வேலைக்குக் கள்ளன்தான், முனிக்கே பொறுக்கல" என்று கிண்டல் செய்வார். அவர் மனைவி ராஜாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருமுறை அப்பன் அடித்த அடி பொறுக்காமல் சின்னதுரை மலையேறி கரியாலூருக்கு ஓடிப்போய், ஒரு கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்தான். மூன்று மாதம் கழித்து அந்தக் கொத்தனாரே சொல்லி அனுப்பினார்: "இந்த மாதிரி உழைக்கிற புள்ளைய நான் பாத்ததே இல்ல." இதைக் கேட்டு எந்த அப்பனும் சந்தோஷப்படுவான். பாவாடைக்கு ரத்தம் கொதித்தது. அடுத்தவனுக்கு மாடாய் உழைக்கிறவன் அப்பனிடம் மட்டும் ஏய்க்கிறானா? அடுத்த பஸ்ஸிலேயே போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தார். கரியாலூர் இருக்கும் கல்வராயன் மலையில் வெயில் கம்மி என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதையும் மகனையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அந்தப் பங்குனியில் ஒரு பெரிய கழனிக்கு இரண்டு செட்டு சேர்ந்து இறங்க வேண்டியதாயிற்று. சங்கராபுரத்திலிருந்து வந்த செட்டின் மேஸ்திரி பிச்சைமுத்து. அவர் மகன் பழனிக்குத்தான் பாவாடையின் மகள், சின்னதுரையின் அக்கா அமிர்தத்தைப் பேசியிருந்தார்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே பாவாடைக்குக் கூச்சமாக இருந்தது. பத்து மணிக்கெல்லாம் சின்னதுரை கோணியை நனைத்துப் போர்த்திக்கொண்டதும் பிச்சைமுத்து வெள்ளந்தியாகக் கேட்டார்: "இன்னா மச்சான், மருமவனுக்குக் குளிர் ஜுரமா?"

இரண்டு செட்டும் சிரித்தது. பாவாடை விறுவிறுவென்று போய் மகன் தலையிலிருந்த கோணியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்.

"இந்த வரிச முடியற வரைக்கும் நெழலுக்குப் போன, நீ எனக்குப் பொறந்தவன் இல்லடா."

 சின்னதுரை அந்த வரிசையை முடித்தான். கடைசிக் கரும்பின் காய்ந்த சோகை இலையை உரித்துப் போட்டுவிட்டு அப்படியே குப்புற விழுந்தான். கை கால் வெட்டி இழுத்தது. உடம்பைத் தொட்டவர்கள் கையை உதறிக்கொண்டார்கள், அவ்வளவு சூடு. ஒரு பொட்டு வேர்வை இல்லை. பிச்சைமுத்துதான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். 

கள்ளக்குறிச்சியில் ஐஸ் வைத்து, மருந்து ஏற்றி, உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா சின்னதுரையை வெகுநேரம் பார்த்தார். அவனுக்கு இருந்த காய்ச்சலை அல்ல, அவனையே பார்த்தார். கை விரல்களைப் பிரித்தார். நகத்தைத் தடவினார். உதட்டையும் அண்ணத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இவனுக்கு எப்பவாவது வேர்த்துப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

பாவாடை யோசித்தார். பெற்று வளர்த்து, கூடவே வேலைக்கும் கூட்டிப்போன பிள்ளை. அவனுக்கு வேர்த்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. அதைத்தானே சோம்பேறித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்! 

"வேர்க்காது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி இல்ல. பல்லும் முடியும் முளைக்காததும் அதே கோளாறுதான். எல்லாத்துக்கும் வேர் ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "இதே ஜாடையில வேற வேற வியாதிங்க இருக்கு. ஒண்ணுல விரல் பிளந்திருக்கும், ஒண்ணுல உதடு பிளந்திருக்கும், இன்னொண்ணுல நகம் தடிச்சுப் போயிருக்கும். பல்லோ முடியோ எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும். அதனாலதான் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்தேன். இவனுக்கு அதெல்லாம் இல்ல."

பாவாடைக்குப் புரிந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாக் கரும்பும் ஒன்றுதான், கணுவைப் பார்த்தால்தான் எந்த ரகம் என்று தெரியும். டாக்டரம்மா ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டினார். புடைத்த நெற்றி, சப்பை மூக்கு, கூர்ப்பல்.

"எங்க புள்ள போட்டோ இதுல எப்பிடிம்மா வந்துச்சு?" என்று கேட்டார் பாவாடை.

"இது உங்க பிள்ளை இல்லைங்க. எங்கேயோ வெளிநாட்டுப் பையன். இந்த வியாதி இருந்தா எந்த ஊரா இருந்தாலும் முகம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்."

பிறகு டாக்டரம்மா அருகில் நின்ற ராஜாம்பாளிடம் திரும்பி முந்தானையை எடுக்கச் சொன்னார். அவள் குனிந்துகொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து வாய் விட்டுச் சிரிக்காதவள் அவள். அதை அடக்கம் என்று செட்டில் பெருமை பேசித் திரிந்தவர் பாவாடை. டாக்டரம்மா மெதுவாகக் கையை விலக்கிப் பார்த்தார். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை, இரண்டு பல் கூர்மையாக இருந்தன.

"உங்க கூடப் பிறந்த ஆம்பளைங்க யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?"

"எந்தம்பி இருந்தாம்மா" என்றாள் ராஜாம்பாள். சொல்லிவிட்டு அழுதாள்.

இது அம்மா வழியாக வருவது, அம்மாவின் உடம்பில் லேசாக இருக்கும், ஆண்பிள்ளைக்கு வந்தால் முழுசாக வரும், மகளுக்கும் அம்மாவைப் போல லேசாக இருக்கலாம், அவள் பெறும் ஆண்பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். மகளையும் கூட்டி வரச் சொன்னார். வெயிலில் மட்டும் விடாதீர்கள், ஈரத்துணியோடு குளிர்ந்த இடத்தில் இருந்தால் எல்லோரையும் போல உழைப்பான் என்றார்.

'அப்பாடா, நம்ம வழியில வரல' என்பதுதான் பாவாடைக்கு முதலில் வந்த நினைப்பு. அடுத்த நிமிஷமே அந்த நினைப்பை நினைத்து அவருக்கு உடம்பு கூசியது.

வீட்டுக்கு வந்ததும் ராஜாம்பாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லிடாதய்யா. அமிர்தத்துக்கும் ரெண்டு பல்லு கூராத்தான் இருக்குது. தெரிஞ்சா அந்த வூட்டுக்காரங்க எடுப்பாங்களா? எம்பொண்ணும் என்ன மாதிரி வாயப் பொத்திக்கினு கெடக்கணுமா?"

"அப்ப இவன எல்லாரும் சோம்பேறின்னே சொல்லட்டுமா?"

பாயில் படுத்திருந்த சின்னதுரை சொன்னான்: "நான் சோம்பேறின்னே இருந்துட்டுப் போறேம்ப்பா. பழகிப்போச்சு. அக்கா கல்யாணம் நடக்கட்டும்."

பழகிப்போச்சு என்றானே, அந்தச் சொல் பாவாடையை அறுத்தது. ஆனாலும் சரி என்றுதான் தலையாட்டினார். யாருக்கும் கெடுதல் இல்லாத யோசனையாக அப்போது அது தோன்றியது.

தட்டு மாற்றுகிற நாள் வந்தது. வாசலில் பந்தல் போட்டு, சங்கராபுரத்து ஜனம் பாயில் உட்கார்ந்திருந்தது. அமிர்தம் உதட்டை இறுக்கி மூடியபடி நின்றாள். பழனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிச்சைமுத்து தட்டைக் கையில் எடுத்தவர், கலயத்துத் தண்ணீரோடு மூலையில் உட்கார்ந்திருந்த சின்னதுரையைப் பார்த்துவிட்டார்.

"ஒடம்பு எப்பிடி இருக்குது மருமவனே? மச்சான், அன்னைக்கி இன்னாதான் ஆச்சு? ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க?"

பந்தலே பாவாடையைத் திரும்பிப் பார்த்தது. சோம்பேறி என்று சொன்னால் அன்று நடந்ததற்குக் காரணம் ஆகாது. வேறு ஏதாவது சொல்ல வேண்டும். பாவாடையின் வாயில் தானாக வந்தது:

"இன்னா சொல்வாங்க? மொத நாளு ராத்திரி ஜாஸ்தியா குடிச்சிருக்கான் நாயி. காலைல வெறும் வயித்தோட வந்து வெயில்ல நின்னா? சோம்பேறிக்குக் குடி வேற ஒரு கேடு."

சின்னதுரை சாராயக் கடைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. சோம்பேறிப் பட்டம் அவனே கேட்டு வாங்கியது. குடிகாரப் பட்டம் அப்பன் போட்ட கொசுறு. அவன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். பிறகு, பிடிபட்டவனைப் போலத் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். கிழவிகள் உச்சுக்கொட்டினார்கள்.

பிச்சைமுத்து நல்ல மனுஷன். அதுதான் வினையாகிவிட்டது. "இவ்ளோதானே? எங்கிட்ட வுடு மச்சான். நாளைக்கே கூட்டிக்கினு போறேன். வெயில்ல போட்டு வேர்வை எடுத்தா குடியும் போவும், சோம்பலும் போவும். என் தோள்ல தூக்கின புள்ள, நான் வுட்ருவனா? ஆறு மாசத்துல ஆளாக்கி அனுப்புறேன். இன்னா சொல்ற?"

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சம்பந்தி இவ்வளவு உரிமையோடு கேட்கும்போது எந்த அப்பன் மாட்டேன் என்பான்?  ராஜாம்பாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"வரேன் மாமா" என்றான் சின்னதுரை.

சாகப்போகிறோம் என்று தெரிந்தே சொல்கிறான். அக்காவைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். பாவாடை எழுந்து நின்றார். வேட்டி அவிழ்வது கூடத் தெரியாமல் நின்றார்.

"அவனுக்கு வேர்க்காது மச்சான்."

"வேர்க்க வைக்கிறேன்னுதானே சொல்றேன்."

"இல்ல. வேர்க்கவே வேர்க்காது. பொறந்ததுலேர்ந்து அப்பிடி. வெயில்ல வுட்டா செத்துடுவான். இவங்க மாமன் அப்பிடித்தான் செத்தான். இது பரம்பரையா வர்ற வியாதி. இவ வழியா வந்துருக்குது. எம்பொண்ணுக்கும் இருக்கலாம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.  பிச்சைமுத்துவின் மனைவி ஆயம்மாள் மகன் பழனியின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அமிர்தம் உள்ளே ஓடவில்லை. அழுதுகொண்டே மேலுதட்டைத் தூக்கிப் பற்களைக் காட்டினாள்.

பிச்சைமுத்து தட்டைக் கீழே வைத்தார். பழனியைப் பார்த்தார், அமிர்தத்தைப் பார்த்தார். "அந்த டாக்டரம்மாவ நாங்களும் பாக்கணும். பொண்ணையும் கூட்டிக்கினு போவலாம். இன்னா ஏதுன்னு கேட்டுக்கினு அப்பறம் பேசிக்கலாம். இன்னைக்கி வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

செருப்பை மாட்டியவர் ஏதோ நினைத்துத் திரும்பினார்.

"இது எப்ப தெரியும் உனுக்கு?"

"ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க" என்றார் பாவாடை.

"அப்ப, இப்ப குடிகாரன்னு சொன்னியே?"

பாவாடை குனிந்து, அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டினார். 

"நாந்தான் மாமா அப்பிடிச் சொல்லச் சொன்னேன்" என்றான் சின்னதுரை.

அவன் சொல்லச் சொல்லவில்லை. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாவாடை மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். மகன் அவரைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.